பரீட்சைக்கு உட்படுவது யார்?

கைதேர்ந்த தையற்காரர் எவரும் துணியை வெட்டிய கையோடு இறுதித் தையல் போட்டுவிடுவதில்லை. நூலை அகல ஓட்டி, உரியவரை ஒருமுறை அணிந்து பார்க்கச் சொல்வார். தோள் இறுக்கமாயிருப்பின் உடுப்பைத் திருத்துவாரேயன்றி, அணிந்தவரின் தோளைக் குறைகூறமாட்டார். இந்தச் சிறு நியாயம் நம் இல்லங்களில் யாவரும் அறிந்ததே. ஆயின், நம் பணமும் கடிதமும் கணக்கும் இன்று குடிபுகுந்திருக்கும் கைத்தொலைபேசியின் முன்னே மட்டும் அது தலைகீழாகிவிடுகின்றது. செயலியொன்று விளங்காதபோது, "இதெல்லாம் எனக்கு எங்கே விளங்கப்போகிறது!" என்று நம்மையே நாம் நொந்துகொள்கின்றோம்.

அண்மையில் வங்கியொன்று தன் செயலியைப் புதிதாய் வடிவமைக்க முனைந்தது. அதன் முன்மாதிரியைத் தமிழ்ப் பாவனையாளர் சிலரிடம் கொடுத்து, அவர்கள் பக்கத்திலிருந்து அவதானிக்கும் பணி நமக்கு வாய்த்தது. வங்கியின் பெயர் ஈண்டு வேண்டியதில்லை. வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் முன்விறாந்தையில், ஒரு மேசையும் மூன்று கதிரைகளும் இட்டு, இரண்டு நாட்கள் இருந்தோம். அங்கே கண்டவற்றுட் சில, குடும்பப் பெண்களும் முதியோரும் அறிந்திருக்கவேண்டியவை என்று தோன்றுகின்றமையால் எழுதுகின்றோம்.

முன்மாதிரி என்பது பார்வைக்கு உண்மைச் செயலிபோலவே இருக்கும். தொட்டால் திரை மாறும், இலக்கங்கள் தோன்றும். ஆனால் அதன் பின்னே வங்கியும் இல்லை, பணமும் இல்லை. முழுவேலையையும் முடித்து, பெருஞ் செலவும் செய்தபின்னர்ப் பிழை காண்பதிலும், வெறும் உருவமாய் இருக்கும்போதே கண்டுகொள்வது மலிவு. 'பாம் பைலட்' என்னும் கையடக்கக் கருவி 1996 இல் வெளிவருமுன், அதனை ஆக்கிய ஜெப் ஹோக்கின்ஸ் என்பார் அதே அளவான ஒரு மரக்கட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தாராம். யாரேனும் சந்திப்புக்கு நாள் கேட்டால், கட்டையை எடுத்து அதில் எழுதுவதுபோலப் பாவனை செய்து பார்ப்பாராம்.

இவ்வழக்கம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. நேயர்கள் தம் கைத்தொலைபேசியின் இலக்கப் பலகையைச் சற்று நோக்குக. 1, 2, 3 மேல் வரிசையில் இருக்கும். கணிப்பானிலோ 7, 8, 9 மேலே இருக்கும். அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தார் இலக்கங்களைப் பலவாறு அடுக்கி, மக்களை அழுத்தச் செய்து, வேகமும் பிழையும் கணித்து 1960 இல் ஆய்வுரை வெளியிட்டனர். அழுத்துபொத்தான் தொலைபேசி 1963 இல் பொதுமக்களிடம் வந்தது. நம் விரல்களுக்கு இன்று இயல்பாகிவிட்ட அந்த ஒழுங்கின் பின்னே, பெயரறியாத பலர் பொறுமையோடு அழுத்திப் பார்த்த பொத்தான்கள் உள.

சோதனையின் முறை எளிது, நடத்துவது கடினம். "அனுப்பு என்ற பொத்தானை அழுத்துங்கள்" என்று சொல்லலாகாது. சொன்னால் விடையைக் காட்டிக்கொடுத்தவராவோம். "கண்டியிலுள்ள மகளுக்கு 5,000 ரூபா சேரவேண்டும்" என்று மட்டும் கூறி, வாய்மூடி இருக்கவேண்டும். மனத்தில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லும்படி அவர்களைக் கேட்டுக்கொள்வர். ஐ.பீ.எம். நிறுவனத்தைச் சேர்ந்த கிளேட்டன் லூயிஸ் இம்முறையை 1982 இல் இத்துறைக்கென எழுதிவைத்தார். "இதை அழுத்தட்டோ?" என்று அவர்கள் வினவினால், "நாங்கள் பக்கத்தில் இல்லாவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்று திருப்பிக் கேட்பதே விதி. தடுமாறும் ஒருவருக்கு உதவாது இருப்பது நம்மவர்க்கு எத்துணை கடினம் என்பதை அன்றுதான் உணர்ந்தோம். விருந்தினர் தண்ணீர் கேட்டும் எழாமல் இருப்பது போன்ற வேதனை அது.

முதலில் வந்தவர் இளைப்பாறிய ஆசிரியை ஒருவர். வயது எழுபதைத் தாண்டியவர். பழைய செயலியில் இடப்பக்கத்திலிருந்து மூன்றாவது பொத்தான் பணம் அனுப்புவது என்று விரலுக்குப் பழக்கியிருந்தார். புதியதில் அப்பொத்தான் இல்லை; மூலையில் மூன்று கோடுகளுக்குள்ளே ஒளிந்திருந்தது. அக்குறி 1981 இல் சிறொக்ஸ் நிறுவனத்தின் கணினியொன்றுக்காக வரையப்பட்டது. இளைஞர்க்கு அது ஒரு கதவு. ஆசிரியையோ கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "இதென்ன பிள்ளை, விபூதிக் குறியோ?" என்றார். அனைவரும் சிரித்தோம், அவரும் சிரித்தார்.

அடுத்த திரையில் சிரிப்பு நின்றது. "நிலுவை 48,250.00" என்று கண்டதும் அவர் முகம் வாடிற்று. "நான் ஒருவருக்கும் கடன்படவில்லையே!" என்றார். கணக்கிலுள்ள மீதியைக் குறிக்க யாரோ இட்ட சொல் அது. கொடுக்கவேண்டிய பாக்கியையும் நிலுவை என்றே நாம் கூறுவதை அவர் நினையார்போலும். "ரீச்சர், இது மெய்யான கணக்கல்ல" என்று தேற்றினோம். அப்போது அவர் தாழ்ந்த குரலில் சொன்ன வார்த்தையே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. "என்னில்தான் பிழை. இதற்காகத்தான் பேரனிடம் இரகசிய இலக்கத்தைக் கொடுத்து வைத்திருக்கிறேன். அவன் நல்ல பிள்ளை. ஆனாலும், நான் யாருக்கு எவ்வளவு கொடுக்கிறேன் என்பது அவனுக்குத் தெரிந்துவிடுகிறது."

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தன் சம்பளத்தைத் தானே எண்ணி வாங்கிய ஒருவர், இன்று தன் ஓய்வூதியத்தைப் பேரனின் கண்வழியே காண்கின்றார். ஒரு சொல்லும் மூன்று கோடுகளும் செய்த காரியம் இஃது.

இரண்டாமவர் வீட்டிலிருந்து உடுப்புத் தைப்பவர். மின்சாரக் கட்டணம் செலுத்துமாறு அவரைக் கேட்டோம். ஆங்கிலத்தில் ஒரு சிறு சொல்லாய் இருந்தது, தமிழில் "கொடுப்பனவுகளை மேற்கொள்ளல்" என நீண்டு, பொத்தானில் இடமின்றி, "கொடுப்பனவு…" என்று வெட்டுண்டு நின்றது. அவர் அதை ஆவலோடு அழுத்திவிட்டு, "அஸ்வெசும வந்திட்டுதோ?" என்று கேட்டார். 2023 இல் தொடங்கிய அந்த நலன்புரி உதவியைக் கொடுப்பனவு என்றே மக்கள் வழங்குவர். வாங்கும் பணத்தைத் தேடி வந்தவரைச் செலுத்தும் வாயிலில் நிறுத்தியது அப்பொத்தான். மூன்றாமவரான முச்சக்கர வண்டிச் சாரதியோ ஒரு நிமிடத்துள் யாவற்றையும் முடித்துவிட்டார். எப்படியென்று கேட்டோம். "தமிழை நான் வாசிக்கிறதில்லை, படத்தைப் பார்த்து அழுத்துவேன்" என்றார். அவரது வெற்றி, தமிழ் எழுத்துக்களுக்கு நற்சான்று ஆகாது.

எத்தனை பேரைச் சோதித்தாற் போதும் என்று நேயர்கள் கேட்கலாம். யாக்கோப் நீல்சன் என்னும் அறிஞர் 2000 ஆம் ஆண்டில் எழுதியதொரு கணக்கு இத்துறையிற் பெயர்பெற்றது. ஒருவரைக்கொண்டு சோதிப்பின் குறைகளுள் ஏறத்தாழ 31 வீதம் வெளிப்படும். ஐவரைக்கொண்டு சோதிப்பின் ஏறத்தாழ 85 வீதம் வெளிப்படும் என்பது அது. இதனை மேற்கோளாய்க் காட்டுவோர் பலர். ஒன்றுக்கொன்று வேறுபட்ட கூட்டத்தாராயின் ஒவ்வொரு கூட்டத்தையும் வேறாகச் சோதிக்கவேண்டும் என்று அவரே கூறியதை நினைப்போர் சிலர். கொழும்புக் கந்தோரொன்றில் ஆங்கிலம் வாசிக்கும் இளைஞர் ஐவரை இருத்திச் சோதித்தால், அவர்தம் இடர்களே தெரியவரும். நிலுவை என்ற சொல்லில் ஒரு மூதாட்டி திடுக்கிடுவது அங்கே எவ்வாறு தெரியவரும்? சிங்களமும் தமிழும் அரசகரும மொழிகளாய் இருக்கும் நாட்டில், தமிழ்த் திரையைத் தமிழ் வாசிப்போர் முன்னே வையாது வெளியிடுவது, அளவெடுக்காமற் தைத்த சட்டையை வீடுவீடாய் விநியோகிப்பதற்கு ஒப்பாகும்.

சில வாரங்களின் பின்னர் இரண்டாவது முன்மாதிரி வந்தது. நிலுவை போய் "கணக்கில் உள்ள பணம்" வந்திருந்தது. பொத்தான்களில் எழுத்து இரண்டு வரியாய் அமைய இடம் விட்டிருந்தனர். மூன்று கோடுகளின் கீழே "மேலும்" என்று எழுதி, பணம் அனுப்பும் பொத்தானைப் பழைய இடத்திலேயே வைத்திருந்தனர். ஆயினும், பணம் அனுப்புமுன் வரும் ஒருதடவைக் கடவு இலக்கத்தின் குறுஞ்செய்தி ஆங்கிலத்திலேயே இருந்தது. அது வேறொரு பிரிவினரின் பொறுப்பு என்றனர். ஆசிரியை இம்முறை மகளுக்குரிய 5,000 ரூபாவைத் தாமாகவே அனுப்பினார். குறுஞ்செய்தி வந்தவிடத்து மட்டும் நம்மைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம்.

ஆகவே, நேயர்களுக்கு நாம் கூற விரும்புவது இதுவே. இத்தகைய சோதனைக்கு எவரேனும் அழைத்தால் தயங்காது செல்க. வீட்டில் தாயாரோ பாட்டனாரோ இருப்பின் அவர்களையும் அனுப்புக. அங்கே நூலறிவு வேண்டியதில்லை. விளங்காததை விளங்கவில்லை என்று சொல்லும் துணிவு போதும். பரீட்சைக்கு உட்படுவது செயலி. புள்ளி இடுபவர் நீங்கள். வீட்டிலும் முதியவர் ஒருவர் கைத்தொலைபேசியை நீட்டி உதவி கேட்கும்போது, அதை வாங்கி நாமே அழுத்தி முடித்துவிடாது, எந்த இடத்தில் நின்றார், எந்தச் சொல் மறித்தது என்று முதலிற் கேட்போமாக. அவருக்குத் தெரியாதது என்று நாம் எண்ணியிருந்தவற்றுட் பல, அவருக்குச் சரியாகச் சொல்லப்படாதவை என்பது அப்போது தெளிவாகும்.