இன்னும் எத்தனை அறை?

"இன்னும் இரண்டே அறைதான் ஸார்! சாயங்காலத்துக்குள் சொல்லிவிடுங்கள்" என்று அவசரப்படுத்தினார் ஏஜெண்டு. சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போய்வரும் உல்லாசக் கப்பல். என் மனைவிக்கோ முழங்கால் வலி. லிப்டுக்குப் பக்கத்து அறை கிடைக்காவிட்டால் பயணமே வேண்டாம் என்கிறாள்.

பேரன் கம்பெனியின் இணையதளத்தில், இரண்டு பேருக்கு டிக்கெட் வாங்குவதுபோல் நுழைந்து, பணம் கட்டுமிடத்துக்கு முன்பே நின்றான். காலி அறைகளின் எண்கள் வரிசையாக வந்தன. விரல்விட்டு எண்ணினேன். ஒரே தளத்தில் 17!

அதுவும் முழுக் கணக்கல்ல, நேயர்களே! எல்லா அறைகளையும் கம்பெனி கடை பரப்பிவிடாது. மூன்று பேர் என்று மாற்றினால் பட்டியலே வேறு. 'கியாரண்டி' அறை பெரும்பாலும் மலிவுதான். ஆனால் எந்த அறை என்பது அவர்கள் இஷ்டம். முழங்கால்காரர்களே, அந்தப் பக்கம் போகாதீர்கள்!

ஏஜெண்டிடம் 17 என்றேன். "அடடே, இப்போதுதான் காலியாகியிருக்கும் ஸார்!" என்றார், கூசாமல்.