சோழவரத்து இரைச்சல்

மோட்டார் பந்தயத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! எங்கள் வீட்டில் அம்மாவும் நானும் அப்படித்தான் வெகு காலம் இருந்தோம். நஷ்டம் எங்களுக்குத்தான்.

சென்ற மாசி மாதம் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு ஒரு வேலையாகப் போக வேண்டியிருந்தது. அப்பாவையும் அழைத்துக்கொண்டேன். அவருக்குச் சில காலமாக ஞாபகம் சரியில்லை. காலையில் சாப்பிட்டது மத்தியானம் மறந்துவிடும். செங்குன்றம் தாண்டிச் சோழவரம் வந்ததும், அதுவரை வாய் திறவாதவர், "வண்டியை நிறுத்தச் சொல்லும்மா" என்றார். இறங்கிச் சாலையோரம் நின்று காதைச் சாய்த்துக் கொண்டார்.

"ஃபியட் ஒரு மாதிரி கத்தும். ஹெரால்டு வேறே மாதிரி" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது!

சோழவரம் என்றால் நமக்குக் குடிதண்ணீர் தரும் ஏரிதான் நினைவுக்கு வரும். ஆனால் அங்கே இரண்டாம் உலக யுத்த காலத்து விமான ஓடுதளம் ஒன்று உண்டு. 1953-ல் ஏற்பட்ட மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதையே பந்தய மைதானமாக்கிக் கொண்டது. பந்தயத்தன்று ஜனங்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு, வெயிலையும் புழுதியையும் பொருட்படுத்தாமல் நிற்பார்களாம். கோண்டல் மகாராஜா ஓட்டினார். 1980-களில் விஜய் மல்லையா 'என்ஸைன்' என்ற ஃபார்முலா ஒன் காரையே கொண்டுவந்து ஓட்டினார்.

ஆனால் எல்லோரும் மகாராஜாவா? வெளிநாட்டுக் கார் வாங்குவது குதிரைக் கொம்பாக இருந்த காலம் அது. நம்மவர்கள் குடும்பத்தோடு கோயிலுக்குப் போகிற ஃபியட்டையும் ஹெரால்டையும் எடுத்து, பின் ஸீட்டைக் கழற்றி, கனத்தைக் குறைத்து, எஞ்சினைக் குடைந்து பந்தயக் காராக்கினார்கள். கோயம்புத்தூர் கரிவர்தன் மாருதி 800 எஞ்சினை வைத்துப் பந்தயக் காரே கட்டினார். அந்த 'ஃபார்முலா மாருதி'யில் ஓட்டத் தொடங்கிய நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார்.

1990-ல் பந்தயம் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டைக்குப் போய்விட்டது. சோழவரம் மௌனமாயிற்று.

சீமையில் நடந்த ஒரு சமாசாரத்தையும் சொல்கிறேன். ஜாகுவார் கம்பெனியின் 'டி டைப்' கார் 1955, 56, 57 ஆகிய மூன்று வருஷமும் பிரான்சின் லெ மான் பந்தயத்தில் ஜெயித்தது. மீந்திருந்த வண்டிகளைச் சாலையில் ஓட்டத்தக்கதாக மாற்றி, 'எக்ஸ்.கே.எஸ்.எஸ்.' என்று பெயரிட்டு விற்கத் தொடங்கினார்கள். 1957 பிப்ரவரி 12-ந் தேதி கம்பெனியில் தீப்பிடித்தது. ஒன்பது கார்கள் கருகிப் போயின. ஆகக்கூடி வெளிவந்தவை பதினாறே! ஒவ்வொன்றும் யாரிடம் இருந்தது, எங்கே போயிற்று என்று இன்றைக்கும் கணக்கு வைத்திருக்கிறார்கள். எரிந்துபோனவற்றுக்கு ஈடாக அதே மாதிரி ஒன்பது கார்களைப் புதிதாகச் செய்யப் போவதாக 2016-ல் அந்தக் கம்பெனியே அறிவித்தது.

நம் ஹெரால்டுகளுக்கு யார் கணக்கு வைத்தார்கள்?

வீடு திரும்பியதும் அம்மா பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கினாள். கல்யாணப் பட்டுப் புடவைக்கு அடியில் ஒரு போட்டோ. மேல்கூரை இல்லாத ஒரு ஹெரால்டு. பக்கத்தில் நாலு இளைஞர்கள். கையில் ஸ்பானரோடு நிற்பவர் அப்பா.

"கல்யாணமான புதிதில் இதைக் கூடத்தில் மாட்டப் பார்த்தார். எண்ணெய்ப் பிசுக்குப் படம் ஸ்வாமி படத்துக்குப் பக்கத்திலா என்று நான்தான் எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்" என்றாள் அம்மா. அவள் குரல் கம்மியது.

போட்டோவைத் திருப்பினேன். வெற்றுக் காகிதம். பெயரில்லை, வருஷமில்லை.

"இவர்கள் எல்லாம் யாருப்பா?"

நெடுநேரம் பார்த்தார். எஞ்சினில் என்ன மாற்றினார்கள் என்று வரிசையாகச் சொன்னார். பெயர்கள் மட்டும் வரவில்லை. வார்த்தை நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போவதை நான் கண்ணால் பார்த்தேன். இரண்டு வருஷம் முன்னால் கேட்டிருந்தால் நாலு பேருடைய ஊரும் உறவும்கூடச் சொல்லியிருப்பார்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு படம் இருக்கலாம். கார் இல்லாவிட்டால் நாடகமோ, கால்பந்தாட்டமோ! இன்று ராத்திரி சாப்பாடானதும் அதை எடுத்து வீட்டுப் பெரியவரிடம் கொடுங்கள். கையில் ஒரு பென்சிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காபி குடிக்கும்போது அப்பா திடீரென்று ஒரு பெயரைச் சொன்னார். ஓடிப் போய்ப் போட்டோவின் பின்னால் எழுதினேன். இன்னும் இரண்டு பெயருக்கு இடம் விட்டிருக்கிறேன். அம்மா இப்போது படத்தைக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள்.