கஷாயமும் மாத்திரையும்

வாழைப்பூவை ஆய்ந்து நறுக்கினதும் மோர்த் தண்ணீரில் போட்டுவிடுகிறோம். இல்லாவிட்டால் கறுத்துப் போகும். பாட்டி காலத்துப் பழக்கம்தான். ஆனால் இதற்குள் ஒரு ரசாயனப் பாடமே அடங்கியிருக்கிறது, தெரியுமோ?

பூவை நறுக்கினவுடன் அதிலுள்ள ஒரு என்ஸைம், காற்றிலிருக்கும் பிராணவாயுவின் உதவியோடு வேலையை ஆரம்பித்துவிடும். அதனால்தான் கறுப்பு. மோரின் புளிப்பு அந்த என்ஸைமின் கையைக் கட்டிப் போடுகிறது. எலுமிச்சம்பழச் சாறோ இன்னும் ஒரு படி மேல். அதிலுள்ள வைட்டமின் 'சி' தான் முன்னால் போய் நின்று கறுப்பைத் தடுக்கிறது. இப்படிக் காப்பாற்றும் பொருள்களுக்குத்தான் 'ஆன்டி ஆக்ஸிடன்ட்' என்று பெயர். ஹங்கேரி நாட்டு விஞ்ஞானி ஆல்பர்ட் சென்ட் ஜியார்ஜி, தாவரங்கள் ஏன் கறுக்கின்றன என்று ஆராயப் போய், 1928-ல் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். அதுதான் வைட்டமின் 'சி' என்று பிற்பாடு தெரிந்தது. 1937-ல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

இதையெல்லாம் நான் தேடிப் படிக்க நேர்ந்தது என் மாமியாரால்தான். அவருக்கு வயது அறுபத்தெட்டு. பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை வியாதி. ஒரு கல்யாணத்தில் யாரோ ஒரு பொடிப் பொட்டலம் கொடுத்திருக்கிறார்கள். "என்ஸைமைத் தடுக்கும், சர்க்கரை ஏறவே ஏறாது" என்று அதில் அச்சடித்திருந்தது. அன்று முதல் காலையில் கஷாயம். மாத்திரை டப்பாவோ திறக்கப்படவே இல்லை. பத்து நாள் கழித்து ரத்தப் பரிசோதனை செய்தால், வெறும் வயிற்றில் 236!

"ஏம்மா இப்படிப் பண்ணினீங்க?" என்றேன்.

"தினம் நாலு மாத்திரை. நான் என்ன மனுஷியா, மருந்துக் கடையா? எங்கம்மா கஷாயத்திலேயே எண்பது வயசு இருந்தா" என்றார். குரல் கம்மியிருந்தது. பிடிவாதமில்லை அது, அலுப்பு. எனக்குக் கோபிக்கத் தோன்றவில்லை. பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு இருவருமாக லேடி டாக்டரிடம் போனோம்.

டாக்டர் சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. "பொட்டலத்தில் இருப்பது அத்தனையும் பொய் இல்லை, மாமி" என்றுதான் ஆரம்பித்தார். நாம் சாப்பிடும் சோற்றிலுள்ள மாவுச்சத்தைச் சிறுகுடலிலுள்ள என்ஸைம்கள் உடைத்துச் சர்க்கரையாக்குகின்றன. அவற்றைத் தடுத்தால் சர்க்கரை மெதுவாகத்தான் ரத்தத்தில் ஏறும். அகார்போஸ் என்ற மாத்திரை இப்படித்தான் வேலை செய்கிறது. இலங்கையில் 'கொத்தல ஹிம்புட்டு' என்ற கொடியின் மரத்தில் குவளை கடைந்து, அதில் ஊறின தண்ணீரைக் குடிப்பார்கள். சித்த வைத்தியத்தில் அதைக் கடலழிஞ்சில் என்பார்கள். இதே என்ஸைமைத் தடுக்கும் சலாசினால் என்ற பொருளை 1997-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் அதிலிருந்து பிரித்தெடுத்தார்கள்.

"அப்போ கஷாயமே போதுமே?" என்றார் மாமியார், விடாமல்.

"சோதனைக் குழாயில் சாற்றை நேரே என்ஸைம் மேல் ஊற்றிப் பார்க்கிறார்கள். வயிற்றில் அப்படி இல்லை. ஜீரணமாகி, கல்லீரலில் மாறி, எவ்வளவு மிஞ்சும்? மாத்திரையில் இத்தனை மில்லிகிராம் என்று அளவு உண்டு. உங்கள் பொடியில் இன்றைக்கு ஒரு பிடி, நாளைக்கு ஒரு சிட்டிகை. அதை நம்பி மாத்திரையை நிறுத்தினால் கண்ணும் சிறுநீரகமும்தான் விலை கொடுக்கும்."

நல்லது ஜாஸ்தியானால் இன்னும் நல்லது என்பதும் சரியில்லை. பின்லாந்தில் சிகரெட் பிடிக்கும் 29,000-க்கும் மேற்பட்ட ஆண்களை வைத்து ஓர் ஆராய்ச்சி நடந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, அதிகமாகியிருந்தது என்று 1994-ல் அதன் முடிவு வெளியானது. காரட்டாகவும் கீரையாகவும் சாப்பிடுவது வேறு, சத்தை மட்டும் பிரித்து மாத்திரையாக விழுங்குவது வேறு.

டாக்டர் மருந்துச் சீட்டைத் திரும்பப் பார்த்து, ஒன்றைக் குறைக்க முடிந்தது. நாலு மூன்றாயிற்று. மாமியார் முகத்தில் அன்றைக்குத்தான் சிரிப்பைப் பார்த்தேன். இத்தனை நாள் அந்த அலுப்பை யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் பொடியோ கஷாயமோ சாப்பிட்டால் ஒளிக்க விடாதீர்கள். பொட்டலத்தோடு டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரையோடு சேர்ந்து சர்க்கரை சட்டென்று இறங்கவும் கூடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் அதுதான் அறிகுறி. அகார்போஸ் சாப்பிடுகிறவர்களுக்கு அப்போது வீட்டுச் சர்க்கரை சீக்கிரம் வேலை செய்யாது. குளுக்கோஸ்தான் கொடுக்க வேண்டும். ஒரு பாக்கெட் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

நெல்லிக்காயும் முருங்கைக்கீரையும் தாராளமாகத் தட்டில் விழட்டும். மாத்திரையை மட்டும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.