மயிலிட்டிக் கரையில் இரு தூரதிருஷ்டிக் கண்ணாடிகள்

காங்கேசன்துறையிலிருந்து கரையோரமாகக் கிழக்கே செல்வோர் சிறிது நேரத்தில் மயிலிட்டியை அடைவர். 1990ஆம் ஆண்டில் ஊரவர் இடம்பெயர்ந்தபின் இராணுவ வேலிக்குள் அடைபட்டிருந்த இத்துறைமுகம், 2017 யூலையிலே மக்களிடம் மீண்டது.

வைகறை இருளில் நாம் அங்கு நின்றபோது, இரவு தொழிலுக்குப் போன படகுகள் ஒவ்வொன்றாகத் திரும்பிக்கொண்டிருந்தன. பைனாகுலர் என இளைஞர் வழங்கும் தூரதிருஷ்டிக் கண்ணாடிகள் இரண்டு எம்மிடம் இருந்தன. ஒன்று ஐரோப்பிய வேட்டைக்காரருக்கென ஆக்கப்பெற்றது. பல இலட்சம் ரூபாய் பெறுவது. நண்பரிடம் இரவல் வாங்கியது. மற்றையது நடுத்தர விலையினது. முன்னதற்கு அவ்வளவு பணம் தகுமா என்பதே எம்மிடையே எழுந்த வழக்கு.

விலை ஏறினால் தூரமும் ஏறும் என்று எண்ணுவோர் உளர். அது வீண் நினைப்பு. கடலோரத்தில் நிற்பவருக்குத் தொடுவானம் 5 கிலோமீற்றருக்குள் முடிந்துவிடும். 10 மீற்றர் உயர மாடியில் ஏறினாலும் ஏறக்குறைய 11 கிலோமீற்றர்தான். 50 கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ள கோடிக்கரையின் மணலை இங்கிருந்து காட்ட எந்தக் கண்ணாடியாலும் ஆகாது. பூமியின் முதுகு நடுவே மறைத்து நிற்கிறது!

பின், பணம் எதனை வாங்குகிறது? அந்தி வெளிச்சத்தை. வேட்டைக் கண்ணாடியில் 8×56 என்று பொறித்திருந்தது. எட்டு மடங்கு பெருக்கம். முகப்பு வில்லையின் விட்டம் 56 மில்லிமீற்றர். 56ஐ 8ஆல் வகுத்தால் வரும் 7 மில்லிமீற்றரே கண்ணுக்குள் புகும் ஒளிக்கற்றையின் அகலம். எமது மற்றைக் கண்ணாடி 8×42. அதன் கற்றை 5 மில்லிமீற்றருக்குச் சற்று மேல்.

வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவரிடம் இரண்டையும் கொடுத்தோம்.

"ரண்டிலையும் ஒரே மாதிரித்தான் தெரியுது, தம்பி" என்றார் அவர்.

எம்முடன் வந்த மாணவனோ, வேட்டைக் கண்ணாடியில் மட்டுமே படகின் இலக்கம் தெரிகிறதென்றான். இருவர் சொன்னதும் மெய்யே. இருளில் இளைஞரின் கண்மணி 7 மில்லிமீற்றர் வரை விரியும். ஐம்பது வயதைக் கடந்தோருக்குப் பெரும்பாலும் 5 அளவிலேயே நின்றுவிடும். வாங்க வசதியுள்ள வயதில் அதனைப் பயன்படுத்தக் கண் இடங்கொடாமை ஒரு வேடிக்கைதான்! நண்பகலிலோ எவர் கண்மணியும் 2, 3 மில்லிமீற்றராகச் சுருங்கிவிடும். எஞ்சிய ஒளி வீணே.

ஒளி மட்டுமன்று. பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் நூற்றுக்கு நான்கு பங்கு ஒளியைத் திருப்பிவிடும். பத்துப் பரப்புகளைக் கடக்குமுன் மூன்றிலொன்று போய்விடும். ஆகையால் நல்ல பூச்சு வேண்டும். உப்புக் காற்றும் ஈரமும் புகுந்து வில்லையில் பூஞ்சணம் பிடிக்காதபடி நைதரசன் நிரப்பி அடைத்ததாகவும் இருத்தல் வேண்டும். இவ்விரண்டும் இக்காலத்தில் நடுத்தர விலையிலேயே கிடைக்கின்றன. அதற்குமேல் கொடுக்கும் இலட்சங்கள், காட்டோரத்தில் இருளும்வரை காத்திருப்பவனுக்கே உதவும். வனவிலங்குகளைக் காக்க 1937ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றிய நாடு நமது. அந்தத் தேவை இங்கு எவருக்கு?

கடற்றொழிலாளருக்கு எமது தெரிவு, அடைப்புள்ள 7×50. ஆடும் படகில் பெரிய பெருக்கம் கைநடுக்கத்தையும் பெருக்கும். பறவை பார்க்கும் மாணவருக்கு 8×42 போதும். வாங்குமுன் கடைவாசலில் நின்று தூரத்துப் பனைமரமொன்றைப் பத்து நிமிடம் பாருங்கள். மரம் இரண்டாகத் தோன்றினாலோ தலை வலித்தாலோ, விலை எதுவாயினும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.