தராசில் ஏறாத எடை

ரேஸ் என்றாலே குதிரை முதுகில் எத்தனை கிலோ என்றுதான் பேச்சு வரும். பூந்தமல்லியைத் தாண்டி, திருமழிசைப் பக்கம் குதிரையேற்றம் கற்றுத்தரும் ஒரு கொட்டகையில் நான் சந்தித்த லாடக்காரர் காலிலிருந்து தொடங்கினார். கிண்டி ரேஸ் லாயங்களில் வேலை பார்த்தவர். எல்லோருக்கும் அவர் ‘பாய்’. அவருடைய அப்பா, கொத்தவால்சாவடிக்குக் காய்கறி ஏற்றிப்போன வண்டி மாடுகளுக்கு லாடம் கட்டியவர். மாட்டுக்குக் குளம்பு பிளவுபட்டது. காலுக்கு இரண்டாக எட்டு லாடத் துண்டு. கயிறு போட்டுச் சாய்த்துத்தான் அடிக்க முடியும். குதிரையோ நின்றபடியே காலைக் கொடுக்கும்.

“கொடுக்க வைக்கணும் தம்பி. பாதி வேலை அதுதான்.”

ரேஸிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பழுப்புக் குதிரை நின்றிருந்தது. அதன் தோளில் தன் தோளைச் சாய்த்து, முன்னங்காலை மடக்கி முழங்கால்களுக்கு இடையில் இடுக்கிக்கொண்டார். பழைய லாடத்தைக் குறடால் நெம்பி எடுத்தார். மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும் குளம்பைக் கத்தியால் சீவி, அரத்தால் மட்டம் பிடித்தார். பிறகு ஆணி. உணர்ச்சியில்லாத வெளிச்சுவரில் மட்டுமே அது ஏற வேண்டும். சில மில்லிமீட்டர் உள்ளே போனாலும் குதிரை நொண்டும். ஒவ்வொரு அடிக்கும் காது கொடுத்தார். “ஏற ஏற சத்தம் கெட்டியாகணும். மொத்தையா கேட்டா உடனே பிடுங்கிடணும்.” அந்தக் காதை எந்தப் பள்ளியில் கற்றுத்தர முடியும்!

வேலை முடிந்ததும் என் இரு கைகளிலும் ஒவ்வொரு லாடத்தை வைத்தார். ஒன்று இரும்பு, 300 கிராம் பக்கம். அன்றாடப் பயிற்சிக்கு அதுதான். இன்னொன்று அலுமினியம், ஏறக்குறைய 100 கிராம். ரேஸ் அன்றைக்கு இது.

ஹேண்டிகேப் ரேஸில் திறமையான குதிரைக்கு அதிக எடை, சுமாரானதற்குக் குறைந்த எடை. ஜாக்கியும் சேணமும் சேர்ந்து குறித்த எடைக்கு வராவிட்டால், குறைவதை ஈயத் தகடு வைத்துச் சரிக்கட்டுவார்கள். 1600 மீட்டரில் ஒன்றரைக் கிலோ கூடினால் ஒரு குதிரை நீளம் பின்தங்கும் என்பது பழைய கணக்கு. ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் ஜாக்கி சேணத்தோடு தராசில் ஏறுவார். லாடம் அந்தத் தராசில் ஏறுவதேயில்லை.

ஆனால் ஒரே எடை என்றால், முதுகைவிடக் காலில் ஏறும்போதுதான் அது குதிரையை அதிகம் களைப்பாக்குகிறது. மணிக்கு 60 கிலோமீட்டரில் ஓடும்போது முதுகுச் சுமை ஏறக்குறைய அதே வேகத்தில் கூடவே போகிறது. குளம்போ மண்ணில் ஊன்றும் கணத்தில் நின்றுவிடுகிறது. மறுபடி உடலை முந்திக்கொண்டு வீசப்பட வேண்டும். ஒரு பாய்ச்சல் 7 மீட்டர் என்றால் 1600 மீட்டருக்குச் சுமார் 230 பாய்ச்சல். காலுக்கு 200 கிராம் வித்தியாசத்தை, நான்கு காலிலும், 230 முறை நிறுத்தித் தூக்கி வீசிப் பாருங்கள்.

ஜாக்கியின் குனிந்த நிலையும் இதே கணக்குத்தான். 1890களின் கடைசியில் அமெரிக்க ஜாக்கி டாட் ஸ்லோன் இங்கிலாந்தில் அங்கவடியைக் குட்டையாக்கி, குதிரையின் கழுத்தோடு குனிந்து ஓட்டினார். அந்தப் பாணி பரவிய காலத்தில் ஓட்ட நேரம் 5 முதல் 7 சதவீதம் குறைந்தது. 2009இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஆய்வு அதற்குக் காரணம் சொன்னது: குதிரையின் ஏற்ற இறக்கத்தை ஜாக்கியின் கால்களே வாங்கிக்கொள்கின்றன, குதிரை அவரைத் தாங்கினால் போதும், ஒவ்வொரு பாய்ச்சலிலும் தூக்கி வீச வேண்டியதில்லை. எத்தனை கிலோ என்பதோடு, அது எங்கே, எப்படி அசைகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் எடையின் கணக்கு முழுமையாகும் என்று நான் நினைக்கிறேன். பாய்க்கு இது எந்த ஆய்வும் சொல்லாமலே தெரியும்.

2024 செப்டம்பரில் தமிழக அரசு, கிண்டி ரேஸ் மைதானத்தின் குத்தகையை ரத்து செய்து அதற்குச் சீல் வைத்தது. பாயின் வேலை அதற்கு முன்பே பயிற்சிக் குதிரைகள் பக்கம் நகர்ந்துவிட்டது. இங்கே இரும்பு மட்டும்தான். தார் ரோட்டில் அலுமினியம் சீக்கிரமே தேய்ந்துவிடும்.

ரேஸ் புத்தகத்தில் குதிரையின் பெயருக்கு நேரே முதலாளி, பயிற்சியாளர், ஜாக்கி, எடை எல்லாம் இருக்கும். லாடம் அலுமினியமா இரும்பா என்பதற்கும் ஓர் எழுத்து உண்டு. அதை அடித்தவர் பெயருக்கு இடமில்லை. முதுகில் ஏறும் அரைக் கிலோவுக்குக் கணக்கு வைக்கிறவர்கள், காலைத் தூக்கிப் பிடித்தவரின் பெயரையும் ஒரு வரியில் அச்சிட வேண்டும்.