மருத்துவச் சீட்டு யார் கையில்?

தலைச்சோலைப் பக்கத்துக் காப்பித் தோட்டமொன்றில் நோய்விடுப்பு கேட்பவர் மருத்துவரின் சீட்டை முதலில் மேஸ்திரியிடம் நீட்ட வேண்டியிருந்தது. அவரிடமிருந்து அது எழுத்தருக்கும், பின்னர் மேலாளருக்கும் போகும். மூன்று கை மாறுவதற்குள் செய்தி லயத்தை எட்டிவிடும். இவ்வாறு நோய் வெளிப்பட்ட பெண்மணி ஒருவரைக் குழாயடியில் தனியே நிற்கவைத்தார்கள். என்ன நோய் என்று எழுதப்போவதில்லை. வாசகரும் அதை அறிய வேண்டியதில்லை. மருந்தால் நோய் நீங்கிற்று. ஆயினும் அக்குடும்பம் மலையிறங்கிப் போய்விட்டது.

மேலாளர் அறிய வேண்டியது எத்தனை நாள் விடுப்பு, திரும்பியபின் எவ்வேலை இயலும் என்பவை மட்டுமே. மேஸ்திரிக்கு அதுவும் தேவையில்லை.

குருமடத்தில் திருச்சபைச் சட்டம் பயின்றபோது 984, 985ஆம் சட்டங்கள் எனக்கு விந்தையாகத் தோன்றின. அதிகாரத்தில் இருப்பவர் பாவசங்கீர்த்தனத்தில் அறிந்ததை வெளி நிர்வாகத்திற்கு எவ்வகையிலும் பயன்படுத்தலாகாது. குருமட அதிபர் தம் இல்லத்து மாணவரின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்பதே கூடாது. மாணவர் தாமாக வேண்டினால் மட்டும் விலக்கு உண்டு. வெளியே சொல்லாதிருந்தால் போதாது, அறிந்ததை வைத்து ஒருவருடைய நிலையைத் தீர்மானிக்கவும் கூடாது என்பதே இதன் உட்பொருள். நோய் பாவமன்று. ஆனால் அறிபவரும் தீர்மானிப்பவரும் ஒருவராகும்போது நேரும் ஆபத்து இரண்டிலும் ஒன்றே.

நாட்டுச் சட்டம் இதை மெல்லத்தான் கற்றது. 1997இல், எச்.ஐ.வி. காரணமாகப் பொதுத்துறை நிறுவனம் விலக்கிய தற்காலிகத் தொழிலாளி ஒருவரின் வழக்கைப் பம்பாய் உயர்நீதிமன்றம் அவர் பெயரை மறைத்தே விசாரித்தது. வேலைக்குத் தகுதியுள்ளவரை, பிறருக்கு ஆபத்து விளைவிக்காதவரை, நோயைக் காட்டி விலக்கலாகாது என்று தீர்ப்பளித்தது. 2017இல் இயற்றப்பட்டு, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், எழுத்து மூலமான இசைவின்றி அந்நிலையை வெளியிடுவதைப் பொதுவாகத் தடுக்கிறது. நூறு பேருக்குக் குறையாத நிறுவனங்கள் புகார் அலுவலரை நியமிக்கவும் வேண்டும். மற்ற பெரும்பாலான நோய்களுக்கு இத்தகைய தனிக்காவல் இல்லை. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுச் சட்டமோ கணினியில் ஏறிய தகவலைப் பற்றியே பேசுகிறது; மேஸ்திரியின் சட்டைப்பையில் உள்ள தாளை அது தொடாது.

தோட்டத்தாரை மட்டும் குறைகூறி என்ன பயன்? பள்ளிகள், மருத்துவமனைகள், விடுதிகள் நடத்தும் நாமும் முதலாளிகளே. ஆசிரியையின் அறுவைச் சிகிச்சையைப் பெயருடன் ஞாயிறு மன்றாட்டில் அறிவிக்கும் பங்குகளும் உண்டு. அன்பினால்தான், ஆனால் அவரிடம் கேட்காமல்.

எனக்குத் தெரிந்த தலைமையாசிரியை ஒருவர் விடுப்புப் பதிவேட்டில் ‘காரணம்’ என்ற பத்தியை அடித்துவிட்டார். நாள்கள் மட்டுமே எழுதப்படுகின்றன. சீட்டு ஒட்டிய உறையில் அலமாரிக்குப் போகிறது. திறவுகோல் எழுத்தரிடம் இல்லை.