காட்டுக்குப் பயந்து ஓடும் டீசல் கார்கள்

மாதேஸ்வரர் புலி மீதேறி வலம் வந்ததாக ஐதீகம் சொல்லும் மலை. மேட்டூர், கொளத்தூர், பாலாறு வழியே வரும் தமிழக பக்தர்களில் பலருக்கு வாகனம், பழைய டீசல் கார்தான். 1997 வரை மைசூர் மாவட்டத்தில் இருந்த மாதேஸ்வரன் மலை, இப்போது சாமராஜநகர் மாவட்டத்தில் இருக்கிறது.

கொண்டை ஊசி வளைவுகளில் கியர் குறைகிறது. வேகம் குறைய, ரேடியேட்டருக்குக் காற்றும் குறைகிறது. சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொடுகிறது. அங்கேயே நிறுத்தினால் இன்ஜின் பிழைக்கும். ஆனால் இருபுறமும் யானைக் காடு. பழைய பயம் வேறு. 1993 ஏப்ரலில் போலீஸ் அதிகாரி கோபாலகிருஷ்ணனின் ஜீப் பாலாற்றில் பழுதாகி, அவரது குழு பஸ்ஸுக்கு மாறியது. சற்று தூரத்தில் வீரப்பனின் கண்ணிவெடிக்கு 22 பேர் பலியானார்கள்.

‘கோயில் பக்கம்தானே’ என்று டிரைவர் மிதிக்கிறார். ஆயில் நீர்த்து, பிஸ்டன் விரிந்து சிலிண்டரைக் கவ்வுகிறது. இன்ஜின் சீஸ். பூஸ்டர் உள்ள கார்களில் பிரேக்கும் சில மிதிகளில் கல்லாய் இறுகுகிறது, பின்னால் பள்ளம்.

காட்டுக்குப் பயந்து நிற்காத கார், கடைசியில் காட்டிலேயே நிற்கிறது. மலை ஏறும் முன் பாலாற்றிலேயே நிறுத்தி, இன்ஜின் ஆறியபின் தண்ணீரும் ஆயிலும் பார்ப்பவர்களுக்கு இந்த கதி பெரும்பாலும் நேர்வதில்லை.